கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மாணவர்களோடு போவது

வடசென்னையில் புதிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வருகிறதென்றால், அரசின் முடிவில் தங்கள் பேச்சும் சேர வேண்டும் என்று நினைக்கும் கல்லூரிப் பிள்ளைகளை நாங்கள் முதலில் அழைத்துப் போவது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத்தான். திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் மக்களின் கருத்தைக் கேட்க நடத்தும் கூட்டம் அது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வேலையெல்லாம் அந்த 30 நாளில்தான்.

திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று நிறுவனம் தரும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். பெரும்பாலும் சுருக்கம் மட்டும்தான் தமிழில். முழு அறிக்கையையும் ஒருவரே படிக்க உட்கார்ந்தால் பாதியில் மூடிவிடுவார். தண்ணீர், காற்று, பேரிடர் என்று ஆளுக்கொரு அத்தியாயம் கொடுத்துவிடுவோம். ஆனால் எல்லாரும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: தரவு எந்த மாதங்களில் எடுத்தது? வழக்கமாக மழையில்லாத ஒரு பருவம், மூன்று மாதம். எண்ணூருக்கு ஆபத்து வருவதோ வடகிழக்குப் பருவமழையில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் கலந்ததே, மார்ச் முதல் மே வரை எடுத்த அளவீட்டில் அப்படியொரு நாளுக்கு இடம் ஏது? பக்க எண்ணோடு இதைக் கேட்டால் நிறுவனத்தின் ஆலோசகர் கோப்பைப் புரட்டியே ஆகணும். ‘இயற்கையைக் காப்போம்’ என்று முழங்கினால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

மனு ஒரு பக்கம் போதும். கேள்விகளுக்கு எண் போடுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘நீ எந்த ஊரு?’ என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயம்தான், கூட்டம் முதலில் பாதிக்கப்படும் உள்ளூர்க்காரர்களுக்கானது. மீன்பிடிக் குப்பத்துப் பெண்கள் பேசுமுன் மாணவர்கள் மைக்கைப் பிடிக்கக் கூடாது. வெளியூர்க்காரருக்கு எழுத்து மூலம் கருத்து தரும் வழி உண்டு. அரங்கில் இருக்கும் யாரும் நிறுவனத்திடம் விளக்கமும் கேட்கலாம்.

கூச்சல் எழுந்ததும் வெளிநடப்பு செய்வதுதான் இளைஞர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. காலி நாற்காலிகளோடும் கூட்டம் நடந்து முடியும். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துவிட்டு அன்றே கையெழுத்தாகணும். உங்கள் கேள்வி ‘மாணவர் ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று சுருங்கியிருந்தால் அப்போதே எழுந்து திருத்தச் சொல்லுங்கள். அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் நிபுணர் குழுவின் மேசைக்குப் போவது அந்தக் குறிப்பும் அதற்கு நிறுவனம் எழுதும் பதிலும்தான். பிறகு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஏறும் பிரதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதும் விடுபட்டிருந்தால், முத்திரையிட்ட நகலை இணைத்து அனுமதி வழங்கும் அமைப்புக்கே நேரடியாக அனுப்பலாம்.