கறிக்காக யார் காசு கொடுக்கிறார்கள்?

பல்லடம் பக்கம் ஒரு தீவன ஆலையில் கறிக்கோழித் தீவனத்துக்கு ஃபார்முலா போடுவது என் வேலை. பண்ணைக்காரர்கள் எடையையும் எஃப்.சி.ஆரையும் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்ற கணக்கு) தாண்டி எதுவும் கேட்பதில்லை. கறி எப்படி இருக்கும் என்று கேட்பது வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள்தான்.

கறிக்கென்றே சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கையான சரக்கு வைட்டமின் ஈ. கோழி வளர்வதற்குக் கொஞ்சம் போதும். கறி கெடாமல் இருக்க வேண்டுமானால் ஒரு கிலோ தீவனத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நேற்று வைத்த சிக்கன் குழம்பை இன்று சூடு பண்ணினால் ஒரு பழைய எண்ணெய் வாடை வருமே, அது கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதால் வருவது. நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் கொழுப்பும் இரும்பும் அதிகம் என்பதால் அங்கே சீக்கிரம் வரும். வைட்டமின் ஈ செல்லின் சவ்விலேயே போய் உட்கார்ந்து இதைத் தடுக்கிறது. அறுத்த பிறகு மேலே தடவினால் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. கோழி சில வாரமாவது தின்றிருக்க வேண்டும்.

ஒமேகா-3 கொழுப்பு கூடிய கோழி என்று ஆசைப்பட்டு மீன் எண்ணெயைக் கூட்டினால் கறியில் மீன் வாடை அடிக்கும். ஆளி விதை பரவாயில்லை. ஆனால் அந்த வகைக் கொழுப்பு சீக்கிரம் கெடும், அதற்கும் சேர்த்து வைட்டமின் ஈயைக் கூட்ட வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். சாமந்திப்பூச் சாறு தோலை மஞ்சளாக்கும், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோலுரித்து வாங்குகிற நம் ஊரில் அது யாருக்கு?

வெயில் காலத்தில் வைட்டமின் சி, வெப்பத்தைத் தாங்க உதவும் பீட்டெய்ன் எல்லாம் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். சரி, கோழிக்குக் கொஞ்சம் ஆசுவாசம். ஆனால் உச்சி வெயிலில் கூண்டில் அடைத்து லாரி ஏற்றினால், வெளிறிப்போய்த் தண்ணீர் விடும் கறிதான் கிடைக்கும். அதற்குத் தீவனத்தில் மருந்தில்லை.

உயிர் எடைக்கு விலை வைக்கும் சந்தையில் கறியின் தரத்துக்கு யாரும் ஒரு ரூபாய் கூடுதலாகத் தருவதில்லை. கறியை வெட்டி, குளிரூட்டி, பாக்கெட்டில் அடைத்து விற்பவர்கள் கேட்டால்தான் நான் அந்த ஃபார்முலாவை எடுப்பேன். கண்ணெதிரே அறுத்து வாங்கி மதியமே குழம்பு வைக்கிற வீட்டில் வைட்டமின் ஈ நாக்குக்கு எட்டப்போவதில்லை. பெரும்பாலும் 40 நாள் ஒட்டி அறுக்கிற கோழி, அந்த வயதின் ருசிதான் அதில் இருக்கும்.