மூடி போட்ட கேமராவும் பதினோரு நிமிஷ இருட்டும்

கும்பகோணம் வீட்டுல பரண் சுத்தம் பண்றேன்னு ஏறினேன், இறங்கும்போது கையில ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ள பத்தொன்பது கேசட்டு, ஒவ்வொண்ணு மேலயும் அப்பா கையெழுத்துல பேர், "பொங்கல் 2003", "ராஜி நிச்சயம்", ஒண்ணுல வெறும் "பலது". சித்தப்பா 2001ல சிங்கப்பூர்லேருந்து வந்தப்ப வாங்கிட்டு வந்த ஹேண்டிகேம், அதுல எடுத்தது எல்லாம். கேமரா பீரோவுல அதோட பையிலயே பத்திரமா இருந்துச்சு, பேட்டரிதான் செத்துப்போச்சு, ஆனா அடாப்டர் சொருகினா உர்ருன்னு ஓடுது. அப்பதான் இந்த கிறுக்கு ஆரம்பிச்சுது.

இதுல ரெண்டு கேசட்ட பத்து வருஷம் முன்னாடியே ஒரு ஸ்டூடியோவுல குடுத்து டிவிடி போட்டோம். கடை பேர் வேணாம். டேப்ப மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர் போட்டு எதுலயோ ரெக்கார்ட் பண்ணி, நாலுக்கு மூணு படத்த பதினாறுக்கு ஒம்போதா இழுத்து விட்டுட்டாங்க, ஒல்லியா இருந்த அக்காவே அதுல பூசணிக்கா மாதிரி இருப்பா. பேசுற சத்தத்த எல்லாம் எடுத்துட்டு மேல சினிமா பாட்டு வேற. நல்லவேளை டேப்ப திருப்பிக் குடுத்தாங்க. அதனால இந்த தடவ நானே பண்றதுன்னு முடிவு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா நானே ஒரு வாரம் இதுல வீணாக்கினேன். இந்த கேமரா டிஜிட்டல்8, அதாவது சோனி 1999ல கொண்டுவந்த வகை, கேசட்டு பாத்தா பழைய ஹை8 கேசட்டுதான் ஆனா உள்ள எழுதறது மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கேசட்டு) மாதிரியே டிஜிட்டல். டேப்பு கொஞ்சம் வேகமா ஓடும், அதனாலதான் தொண்ணூறு நிமிஷம்னு போட்ட கேசட்டுல ஒரு மணி நேரம்தான் பிடிக்கும் (அப்பா ரொம்ப நாள் கடைக்காரன் ஏமாத்திட்டான்னே நினைச்சுட்டு இருந்தார்). டேப்புல ஏற்கனவே டிஜிட்டலா இருக்குன்னா அத மறுபடி அனலாக் வயர்ல இறக்கி இன்னொரு தடவ டிஜிட்டலாக்கறது, பால்ல தண்ணி ஊத்தி அப்புறம் பால்பவுடர் கலக்கற வேலை. இருக்கறத அப்படியே ஃபைலா காப்பி பண்ணிக்கலாம், ஒரு புள்ளி கூட குறையாது.

அதுக்கு வேணும் ஃபயர்வயர், அதாவது கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கற ஒரு பழைய வகை கேபிள். கேமராவுல யூஎஸ்பி ஓட்டை ஒண்ணு இருக்கும், அத பாத்து சந்தோஷப்படாதீங்க, அதுல மெமரி ஸ்டிக் போட்டோ வரும், மிஞ்சிப்போனா மங்கலா குட்டி வீடியோ வரும். பக்கத்துல சின்னதா ஐ.லிங்க்னு எழுதின நாலு முள் ஓட்டை இருக்கும் பாருங்க, அதுதான். இப்ப வர்ற லேப்டாப் எதுலயும் இதுக்கு எடம் கிடையாது, ஆப்பிள்காரங்களும் 2025ல வந்த மேக்ஓஎஸ் டஹோவோட ஃபயர்வயர தூக்கிட்டாங்க. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சாமான் கடையில ஒரு பிசிஐ ஃபயர்வயர் கார்டும், நாலு முள்ளுக்கு ஆறு முள் கேபிளும் தேடி வாங்கினேன், கார்டு 400 ரூபாய், கேபிளுக்கு அதவிட அதிகம் கேட்டான். ஆபீஸ் ஃப்ரெண்டு தூக்கிப்போட இருந்த டெஸ்க்டாப்புல கார்ட சொருகி லினக்ஸ் மின்ட் ஏத்தினேன். விண்டோஸ் வேணும்னா விண்டிவின்னு ஒரு துக்கடா சாஃப்ட்வேர் இருக்கு, அதுவும் நல்லாத்தான் பண்ணும், ஆனா விண்டோஸ் 10ல பழைய டிரைவர் தேடிப் போடணும், எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல. இன்னொண்ணு, கேமராவ ஆஃப் பண்ணிட்டு கேபிள் சொருகுங்க. அந்த போர்ட்டு போச்சுன்னா கதை முடிஞ்சுது.

லினக்ஸ்ல டிவிகிராப்னு ஒரு கமாண்டு, கருப்பு டெர்மினல்ல அடிக்கறது, பாக்க பயமா இருக்கும் ஆனா அது தங்கம். டேப்புல ஒவ்வொரு ஃப்ரேம் கூடவும் எடுத்த தேதி, நேரம் ஒளிஞ்சிருக்கு, இது அத படிச்சு எங்க எங்க ரெக்கார்டிங் நிறுத்தி ஆரம்பிச்சாங்களோ அங்கங்க வெட்டி தனித்தனி ஃபைலாக்கி பேருலயே தேதி நேரம் போட்டுடும். ஆட்டோஸ்ப்ளிட், டைம்ஸ்டாம்ப் ரெண்டு ஆப்ஷனையும் குடுத்தா போதும். சும்மா விட்டா ஒரு ஜிபிக்கு ஒரு தடவ வேற வெட்டும், அதுக்கு சைஸ் ஜீரோன்னு குடுத்துடுங்க. மொத கேசட்டு முடிஞ்சு ஃபைல்கள பாத்தா அம்மா காலைல ஆறரைக்கு வச்ச பொங்கல் ஒம்பது மணின்னு இருக்கு. என்னடான்னு யோசிச்சா, சித்தப்பா கேமரா கடிகாரத்த சிங்கப்பூர் நேரத்துக்கு வச்சிருக்கார், யாரும் மாத்தவே இல்ல. எங்க வீட்டு ஏழு வருஷ நல்லது கெட்டது எல்லாம் கேசட்டுல ரெண்டரை மணி நேரம் தள்ளித்தான் நடந்திருக்கு.

இது காப்பி பேஸ்ட் மாதிரி கிடையாது, ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஓடியே தீரும். ஒரு மணிக்கு 13 ஜிபி. பத்தொன்பது கேசட்டுக்கு கிட்டத்தட்ட 250 ஜிபி, இன்னைக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட்ல இருந்தா மட்டும் 4 ஜிபி தாண்டின ஃபைல் ஏறாது, மொதல்லயே மாத்திக்கோங்க.

மூணாவது கேசட்ட கண்ணாடி வழியா பாத்தா டேப்பு ஓரத்துல வெள்ளையா பூத்திருந்துச்சு, பூஞ்சை. இத மொதல்லயே பாக்காம உள்ள போட்டுட்டேன். படம் முழுக்க கட்டம் கட்டமா ஒடைஞ்சு, கேமரா சி:22ன்னு காட்டுது, டேப்ப படிக்கற ஹெட்டு அழுக்குன்னு அர்த்தம். கிளீனிங் கேசட்ட பத்து செகண்டு ஓடவிட்டா சரியாச்சு, அத நிமிஷக்கணக்குல ஓட விடக்கூடாது, ஹெட்ட தேய்ச்சுடும். பூஞ்சை புடிச்சத தனியா எடுத்து வச்சுட்டேன், அத கடைசியா பாத்துக்கலாம், மத்ததெல்லாம் எறங்கினதுக்கு அப்புறம். நல்ல டேப்புக்கும் அது தொத்திக்கும்.

இப்ப நான் பண்ணின மடத்தனம். பொங்கல் 2003 கேசட்டு எறக்கும்போது நேரா ஒரு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எழுத விட்டுட்டு அதே மெஷின்ல யூடியூப் பாத்துக்கிட்டு இருந்தேன், பாதியிலயே ஃப்ரேம் விடுபடுதுன்னு அது கத்திக்கிட்டே இருந்திருக்கு, நான் கவனிக்கல. சரி, வந்த வரைக்கும் எடிட் பண்ணி பாப்போம்னு ஃபோல்டர தெறந்தா சின்ன சின்ன படமா வரிசையா இருக்கு. அதுல பாதி குப்பை. அப்பாவுக்கு ஒரு பழக்கம், ரெக்கார்டுன்னு நினைச்சு அமுக்கினா நிக்கும், நிறுத்தறேன்னு அமுக்கினா ஓடும். அதனால பொங்கல் பொங்கி வழிஞ்சது கேசட்டுலயே இல்ல. அதுக்கு முன்னாடி கோலம், அதுக்கு அப்புறம் அவரோட கால், செருப்பு, திண்ணை, திண்ணை ஓரத்துல ஒரு பூனை, பின்னாடி "எடுத்தாச்சு எடுத்தாச்சு"ன்னு அவர் குரல். கடைசியா ஒரு ஃபைல், 2.4 ஜிபி, சின்னப் படம் முழுக் கருப்பு. எடம் அடைக்குதேன்னு டெலீட் பண்ணிட்டேன். தெறந்து கூட பாக்கல.

ஃப்ரேம் போனது உறுத்தவே ஒரு வாரம் கழிச்சு அதே கேசட்ட மறுபடி போட்டேன், இந்த தடவ உள் டிஸ்க்குக்கு, வேற எதுவும் தெறக்காம, ஹெட்போன் மாட்டிக்கிட்டு பக்கத்துல ஆபீஸ் வேலை. கடைசி கிட்ட ஸ்கிரீன் கருப்பாச்சு. காதுல பாட்டி.

"நேத்து மூணு ரூபான்னு குடுத்தே, இன்னைக்கு என்ன அஞ்சு? பொங்கல்னா கீரைக்கும் புதுத்துணி எடுக்கணுமா?"

அப்பா நிறுத்தறதா நினைச்சு ஓட விட்டு, மூடிய போட்டு, கேமராவ ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கார். டேப்பு தீர்ற வரைக்கும் பதினோரு நிமிஷம். பாட்டி கீரைக்காரம்மாகிட்ட பேரம் பேசறாங்க, மூணே முக்காலுக்கு முடியுது. குக்கர் மூணு விசில். அக்கா எதையோ கீழ போட்டு உடைக்கிறா, யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே "நான் இல்ல"ங்கறா. ஃபிரிட்ஜ் மோட்டார் நின்னு நின்னு ஓடற சத்தம், ஒவ்வொரு தடவ நிக்கும்போதும் தெருவுல கரும்பு வண்டிக்காரன் குரல் தெளிவா கேக்குது. பாட்டி போய் பதிமூணு வருஷம் ஆச்சு, கேமரா முன்னாடி நிக்க வச்சா அவங்க பேசவே மாட்டாங்க, முந்தானைய இழுத்துவிட்டுக்கிட்டு சாமி படம் மாதிரி நிப்பாங்க. பத்தொன்பது கேசட்டுலயும் அவங்க பேசறது இந்த ஒரு எடத்துலதான், அதுவும் இருட்டுல. அதத்தான் நான் ஷிஃப்ட் டெலீட் அடிச்சேன். டேப்பு மட்டும் இல்லேன்னா?

அன்னிக்கே இன்னொரு டிஸ்க் வாங்கினேன், எறக்கின ஃபைல் எல்லாம் ரெண்டு எடத்துல இருக்கு, எதுலயும் கைவைக்கறதில்ல.

சரி, வெட்டு ஒட்டுக்கு ஷாட்கட்னு ஒரு சாஃப்ட்வேர். இலவசம், தமிழ்ல எழுத்து போட்டா ஒழுங்கா வருது. ஆனா எடிட்டிங்கவிட தலைவலி குடுத்தது வேற ஒண்ணு. கம்ப்யூட்டர்ல ஓடவிட்டா யாராவது கைய ஆட்டினா ஓரமெல்லாம் சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா வரும். கேமரா கோளாறு இல்ல அது. நம்ம ஊர் பால் (PAL) டிவி முறையில செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொண்ணும் ரெண்டு பாதியா பிரிஞ்சு, ஒத்தை வரி எல்லாம் ஒரு பாதி, ரெட்டை வரி எல்லாம் இன்னொரு பாதி, ஒண்ணுக்கொண்ணு அம்பதுல ஒரு செகண்டு தள்ளி. பழைய டப்பா டிவி அத அப்படியே வரைஞ்சுது, எல்சிடி ரெண்டையும் ஒண்ணா காட்டறதால சீப்பு. இத பிரிச்சு செகண்டுக்கு 50 முழுப்படமா ஆக்கிட்டா அசைவு வழுக்கிட்டு போகும், பாக்கறதுக்கு அன்னிக்கு டிவியில பாத்த மாதிரியே இருக்கும். ஹேண்ட்பிரேக்னு ஒரு சாஃப்ட்வேர்ல யாடிஃப், அதுல பாப்னு ஒரு ஆப்ஷன், அதுதான். நிறைய பேர் 25ஓட நிறுத்திடறாங்க, பாதி அசைவு போச்சு. இந்த மாதிரி டிஜிட்டல் டேப்புல கீழ் வரி மொதல்ல வரும், டிவிடியில பெரும்பாலும் மேல் வரி மொதல்ல, இது மாறிப்போனா படம் முன்னாடி பின்னாடி உதறும், எனக்கு ஷாட்கட்ல ஒரு தடவ அப்படி ஆயி அம்மா "ஏண்டா எல்லாரும் குளிர்ல நடுங்கற மாதிரி இருக்காங்க"ன்னாங்க.

அளவும் பாத்துக்கோங்க. ஃபைல் 720க்கு 576னு இருக்கும், அப்படியே விட்டா எல்லாரும் கொஞ்சம் நீட்டமா தெரிவாங்க, 768க்கு 576னு வச்சா சரியா நாலுக்கு மூணு. ரெண்டு பக்கமும் கருப்பு வரட்டும், பரவாயில்ல, இழுக்காதீங்க. வீடியோவ சுருக்கற முறை எச்.264, தரம் 18னு வச்சா ஒரு மணி நேரம் எனக்கு ரெண்டு ஜிபி கிட்ட வருது.

சத்தத்துக்கு மொதல்ல நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு பாத்தேன், பாட்டி குடத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி ஆயிடுச்சு. தூக்கிட்டேன். அடியில இருக்கற கேமரா மோட்டார் உறுமல மட்டும் லேசா வெட்டி, ஃபிரிட்ஜ விட்டுட்டேன். மொத எடிட்ல நான் போட்ட நட்சத்திர டிரான்சிஷன், பின்னணி புல்லாங்குழல் எல்லாமும் போச்சு, அக்கா பாத்துட்டு "ஸ்டூடியோக்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்"னா, நியாயந்தான். இப்ப வெறும் வெட்டு மட்டும், தேதி நேரம் ஒரு ஓரத்துல, அதுவும் ரெண்டரை மணி நேரம் கொறச்சு.

அந்த பதினோரு நிமிஷத்த ஆடியோவா மாத்தி குடும்ப வாட்சப்புல போட்டேன். அப்பா கேட்டுட்டு "அந்த கேமரா பட்டனே சரியில்லடா"ன்னுட்டு எழுந்து போயிட்டார். அம்மா சமையக்கட்டுல போன கவுத்து வச்சுட்டு ஓடவிடறாங்க.

இப்ப குரூப்புல ஓடற சண்டை வேற. எட்டாவது நிமிஷம் ஒரு ஆம்பிளை குரல் உள்ள வந்து "மாமி, சைக்கிள் பம்ப் இருக்கா?"ன்னு கேக்குது, பாட்டி "உள்ள வா, பொங்கல் சாப்ட்டு எடுத்துட்டு போ"ங்கறாங்க, அவர் சாப்பிடறார் போல, தட்டு சத்தம் வருது. யாருன்னு தெரியல. அம்மா எதிர்வீட்டு தபால்காரர்ங்கறாங்க, சித்தப்பா சிங்கப்பூர்லேருந்து வாய்ஸ் நோட் போட்டு அது அவர் குரலே இல்ல, ரேஷன் கடையில எடை போட்டவர்ங்கறார். அக்கா அந்த எடத்த நாலு தடவ கேட்டுட்டு, பம்ப் திரும்பி வரவே இல்ல, அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்கறா.