ஒன்பதாம் கிணறு

எங்கள் இரசாயனவியல் ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று அழைத்தவர், மறைந்த செய்தி தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது. அந்தியேட்டிச் சடங்குக்கு என்னால் போக முடியவில்லை. கல்வெட்டில், அதாவது நினைவு மலரில், சேர்ப்பதற்கு நாலு வரி கேட்டார்கள், அனுப்பினேன். நாலு வரியில் அடங்காததை நம் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதுகிறேன். அவர் பெயரை எழுதவில்லை. அந்தக் காலத்தில் விஞ்ஞானப் பிரிவில் படித்த எவருக்கும் 'கிணற்றுச் சேர்' என்றால் போதும்.

நான் 1978 உயர்தர வகுப்பு. கிணற்றுக் கணக்கை சேர் 1976இல் தொடங்கினார். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் 14 கிணறுகளைத் தெரிந்தெடுத்து இலக்கம் இட்டார். ஒரு கிணற்றுக்கு ஒரு மாணவன், ஒரு கொப்பி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, மூடி இறுகிய போத்தல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை காலை அளக்க வேண்டும். திங்கட்கிழமை போத்தல் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். விடுமுறைக்கும் விலக்கு இல்லை.

எதற்காக என்பதை அவர் கரும்பலகையில் ஒரு கோடு கீறித்தான் சொன்னார். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று எங்களிடமே கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே நிலாவரையில் உள்ள ஆழக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். அடியில் கல் கட்டிய போத்தல்; அதன் தக்கைக்குத் தனியாக ஒரு நூல். வேண்டிய ஆழத்துக்கு இறக்கியபின் நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணீர் போத்தலுக்குள் புகும். குமிழிகள் மேலே வந்து உடைவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். மேல்தண்ணீரை ஒவ்வொருவராக நாக்கில் வைத்தோம், குடிக்கலாம். ஆழத்துத் தண்ணீரைத் துப்பிவிட்டோம். ஒரே கிணறு.

அடுத்த தவணையில், "இந்தக் கிணறுகள் யாருடையவை?" என்று கேட்டார். வீட்டில் உள்ள காணி உறுதிகளைப் பார்த்து, கிணற்றைப் பற்றிய வரிகளை எழுதிவரச் சொன்னார். இரசாயனவியல் பாடத்தில் உறுதி எதற்கு என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எனக்குக் கிடைத்த 9ஆம் கிணறு கடற்கரைப் பக்கம், அம்மம்மாவின் சீதனக் காணியில் இருந்தது. காணி குத்தகைக்குப் போயிருந்தது. உறுதியில் 'கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று இருந்தது. அந்த வரியை வகுப்பில் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார் சேர்.

அன்றுதான் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை பற்றி முதன்முதலாகக் கேட்டேன். ஆளுநர் சிமொன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக, அதாவது ஆட்சி அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர் நம் வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதிக் கொடுத்தார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். "அதுவும் ஆய்வுதான், தம்பிமார். கேட்டார், எழுதினார், எழுதியதைத் தெரிந்தவர்களிடம் திருப்பிக் காட்டினார். காட்டிய 12 பேரில் ஒரு பெண் இல்லை. அதையும் கொப்பியில் எழுதுங்கள்" என்றார் சேர். அம்மம்மாவின் பெயரில் இருந்த அந்தக் காணியை, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாத்தாவின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர் விற்க முடியாது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். வீட்டுக்குப் போய் அம்மம்மாவிடம் சொன்னேன். "உனக்கு இப்போதுதான் தெரியுமா?" என்றார்.

மூன்றாவது வேலையை அதிபரிடம் அனுமதி வாங்கிச் செய்தார். வகுப்பு வரவுப் பதிவேடுகளை எடுத்து, வராதவர்களை மாதவாரியாக எண்ணச் சொன்னார். புகையிலைக்கு இறைக்கும் மாதங்களில் சிவப்புக் கோடுகள் கூடியிருந்தன. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஓர் இடத்தைச் சேர் பென்சிலால் வட்டமிட்டார். 9ஆம் கிணற்றைச் சுற்றியிருந்த நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நாளில் பள்ளிக்கு வராமல் நிற்கவில்லை. முறை வைத்து ஒவ்வொரு நாளைக்கு ஒருவர் நின்றிருந்தார்கள். உறுதியில் எழுதியிருந்த நாலில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் நாலு பிள்ளைகளின் வரவீனமாக நின்றது. அந்தப் பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்துக் கேட்டபின், வாரப் பரீட்சையை எல்லோருக்கும் பொதுவான நாளுக்கு மாற்றச் செய்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. தண்ணீரும் சட்டமும் கல்வியும் ஒரு துலாக்கயிற்றில் தொங்குவதை 17 வயதில் காட்டிவிட்டார்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். உடன் படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது.

1977 ஆவணியில் ஒரு சனிக்கிழமை நான் 9ஆம் கிணற்றுக்குப் போகவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டேன். ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக் கிணற்றில் போத்தலை நிரப்பினேன். நீர்மட்டம் முந்தைய மாதங்களில் எப்படி இறங்கியதோ அப்படியே இன்னும் அரை அடி இறக்கி எழுதினேன்.

திங்கட்கிழமை சேர் என்னை முன்னால் அழைத்து, உப்பளவு காணும் நியமிப்பைச் செய்யச் சொன்னார். குடுவையில் கிணற்றுத் தண்ணீர், அதில் பொற்றாசியம் குரோமேற்றுச் சில துளி, தண்ணீர் மஞ்சளாகும். அளவி என்ற அளவுக் குழாயிலிருந்து வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாக விடவேண்டும். குளோரைட்டு இருக்கும்வரை வெண்மையாகக் கலங்கும். தீர்ந்ததும் செங்கல் நிறம் தோன்றி நிலைக்கும். எவ்வளவு உப்போ அவ்வளவு துளி. 9ஆம் கிணற்றுக்கு எப்போதும் 20 மில்லிலீற்றர் அளவில் போகும். அன்றைக்கு நாலிலேயே சிவந்துவிட்டது. குடுவையை ஆட்டினேன். சிவப்புப் போகவில்லை. இன்னும் ஆட்டினேன்.

"தண்ணீர் எப்படி இருந்தது, தம்பி?"

"தெளிவாக இருந்தது, சேர்."

"கிணற்றுக்கட்டில் யார் நின்றார்கள்?"

"ஒருவரும் இல்லை, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். "சனிக்கிழமை அந்தக் கிணற்றை இறைத்துச் சேறு வாரினார்கள். நானும் நின்றேன். பொழுதுபடும்வரை அதில் தண்ணீர் இல்லை."

அடிக்கவில்லை. ஏசவில்லை. அடிமட்டத்தை எடுத்துத் தந்து, நான் எழுதிய எண்களின்மேல், உள்ளே இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு கீறச் சொன்னார். பக்கத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதச் சொன்னார். அந்தச் சொல்லை 30 பேருக்கு முன்னால் எழுதி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. பேனை மை கையில் ஒட்டியிருந்தது நினைவிருக்கிறது. அடுத்த அளவு நாளில் எங்கள் படலையடியில் மணிச்சத்தம் கேட்டுப் போனேன். சேர் சைக்கிளோடு நின்றார். இருவரும் போய் அளந்தோம். அந்த விடயத்தைப் பற்றி அதன்பிறகு அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பழைய மழைவீழ்ச்சிக் கணக்குகளை அங்கே உட்கார்ந்து கையால் பிரதி எடுப்பது சேரின் வழக்கம். அதற்குப் பின் எதையும் இரண்டு பிரதி எடுக்கத் தொடங்கினார். ஒன்று வீட்டில், மற்றது வேறு யாரிடமாவது.

நான் 1984இல் நாட்டை விட்டுப் புறப்பட்டேன். போகிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. சொல்லியிருந்தால் கிணற்றை யாரிடம் ஒப்படைத்தாய் என்று கேட்பார் என்ற பயம். 1986இல் பதிவுத் தபாலில் ஒரு பொதி வந்தது. 14 கிணறுகளில் 12இன் எட்டு ஆண்டுக் கணக்கு, அவர் கையெழுத்தில், கோடு போட்ட தாளில். கூடவே நாலு வரிக் கடிதம்: அங்கே பல்கலைக்கழகத்தில் தண்ணீர் படித்தவர்கள் யாரிடமாவது காட்டு, பிழை இருந்தால் எழுது, சுகமாக இரு. அப்போது நான் இரவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். யாரிடம் போய்க் காட்டுவது என்று தெரியவில்லை. தெரிந்தபிறகு, இவ்வளவு பிந்திவிட்டதே என்ற கூச்சம். பதில் எழுதவே இல்லை. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் வலிகாமமே வெளியேறியபோது அவருடைய பிரதி வீட்டோடு போயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பிறகு எனக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகம். மாணவர்களின் ஆய்வேடுகளைப் பெற்று, பக்கம் சரிபார்த்து, பதிவதுதான் எங்கள் பிரிவு. 24 ஆண்டுகள் அதைச் செய்தேன். ஒரே காலையில் உவர்நீர் பற்றிய ஏடும், ஆதிக்குடிகளின் நில உரிமை பற்றிய சட்ட ஏடும், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் வாசிக்கப் பழகுவது பற்றிய ஏடும் என் மேசைக்கு வரும். விஞ்ஞான ஏட்டில் அளவுகள் அட்டவணையாக இருக்கும். வேறொருவர் அதே வழியில் அளந்து பார்க்கலாம். சட்ட ஏட்டில் அட்டவணையே இராது; ஒரு தீர்ப்பின் ஒரு சொல்லை 30 பக்கம் உரசிப் பார்த்திருப்பார்கள். கல்வி ஏட்டின் பின்னிணைப்பில், பிள்ளையிடம் கேட்ட கேள்விகளும் பெற்றோரின் சம்மதப் படிவமும் இருக்கும். சட்டத்தில் என்ன ஆய்வு, வகுப்பறையில் என்ன ஆய்வு என்று கேட்கும் விஞ்ஞானக்காரர்களை அங்கே கண்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. உறுதியை வாசிக்காமலும் பதிவேட்டை எண்ணாமலும் இருந்திருந்தால் 9ஆம் கிணற்றில் உப்பு ஏறுகிறது என்பதோடு நாங்கள் நின்றிருப்போம். யார் எந்த முறையில் இறைக்கிறார்கள், அதற்கு எந்தப் பிள்ளை விலை கொடுக்கிறது என்பது அளவியில் தெரியாது.

எந்தத் துறை ஏடானாலும் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது, தாம் செய்ய முடியாமல் போனதை எழுதியிருக்கும் பக்கத்தை. அதை அரைப் பக்கத்தில் முடிப்பவர்களும் உண்டு. மனம் விட்டு எழுதுபவர்களும் உண்டு. அந்தப் பக்கத்தில்தான் சேரின் குரல் எனக்குக் கேட்கும்.

செய்தி வந்த இரவு பெட்டியை இறக்கிப் பொதியைப் பிரித்தேன். 1977 ஆவணிப் பக்கத்தை எடுத்தேன். புதிதாகப் பிரதி எடுப்பவர் அந்த வரியை விட்டுவிட்டிருக்கலாம். சேர் விடவில்லை. நான் எழுதிய பொய் எண்களையும் எழுதி, அதன்மேல் அதே ஒற்றைக் கோட்டையும் கீறி, பக்கத்தில் 'அளக்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறார். மற்ற வரிகளில் அளந்தவன் பெயர் இருக்கிறது. அந்த வரியில் மட்டும் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். நான் பென்சிலால் என் பெயரை எழுதினேன்.

அளவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் ஒரு பிரதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். இன்றைக்கு அங்கே நிலத்தடி நீரை ஆய்வு செய்கிறார்கள், அவர்களுக்கு 1976இன் உப்பளவு பயன்படக்கூடும். 3ஆம், 11ஆம் கிணறுகளின் கணக்குப் பொதியில் இல்லை. 3ஆம் கிணறு புளியமரத்தடி வளவு. 11ஆம் கிணறு கோயில் வீதிக்குப் பின்னால். அளந்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ இந்த மலரை வாசிக்கக்கூடும். பழைய கொப்பி எங்காவது கிடந்தால், பாதி கிழிந்திருந்தாலும், சங்கச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். வைகாசிப் பொதுக்கூட்டத்துக்கு நான் வருவேன்; கையோடு வாங்கிக்கொள்கிறேன்.