ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

'ரன்' என்ற ஒற்றை ஆங்கில வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். 1989 பதிப்பு வரை 'செட்'தான் ராஜா, 430 பொருளோடு. இது அதை ஓரங்கட்டிவிட்டது.

நமக்குச் சொல்லித்தந்தது என்னவோ 'ஓடு' மட்டும்தான். ஆனால் மூக்கு ரன் ஆனால் சளி ஒழுகுகிறது, துணியில் கலர் ரன் ஆனால் சாயம் போகிறது, கம்பெனியை ரன் பண்ணினால் நடத்துகிறார்கள்.

எனக்குப் பிடித்தது தேர்தல்தான். பதவிக்குப் போட்டியிடும் அமெரிக்கர் 'ரன்' பண்ணுவார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார். தமிழிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். (ஜெயித்தபிறகு ஓடுவது தனிக்கதை.)

கூட ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொல்லில்தான் வில்லங்கமே இருக்கிறது. 'ஐ ரேன் இன்டு ஹிம்' என்றால் பெரும்பாலும் அவரை எதேச்சையாகப் பார்த்தேன் என்று அர்த்தம். இன்டு போய் ஓவர் வந்ததோ, ஆள் மேல் வண்டியை ஏற்றியாகிவிட்டது! 'ரன் அவுட் ஆஃப்' வந்தால் கையிருப்பு காலி. காசு, நேரம், பொறுமை எதற்கும் பொருந்தும்.

அப்புறம், 'ஐ ஹேவ் ரேன்' என்று எழுதுகிறவர்களே, அது தப்பு. ஹேவ் வந்தால் மறுபடி 'ரன்'தான்.