ஆனிலையப்பருக்கு அம்மாயி கொண்டுபோன பூ

மாமாவுக்கு இருதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கொங்கு நாட்டின் ஏழு சிவத்தலங்களான கொங்கேழு தலத்தையும் கும்பிட்டு வருவதாக அம்மாயிக்கு, அதாவது என் அம்மாவின் அம்மாவுக்கு, வேண்டுதல். அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல் எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்து, கொடுமுடியும், ஆனிலையப்பர் என்ற பேரில் சிவன் இருக்கும் கரூரும்தான் பாக்கி. பிரதோஷத்தன்று இரண்டையும் பார்த்துவிடலாம் என்று மாமாவே காரை எடுத்தார்.

கொடுமுடியில் காவிரி முழுக்கு. அப்புறம் வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலை. முட்டி வலியால் அம்மாயி கீழேயே இருந்துகொள்ள, முருகனைக் கும்பிட நான் மட்டும் ஏறினேன். சேர அரசர் மூன்று தலைமுறையின் பேரைச் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு இந்த மலைப் பாறையில்தான் இருக்கிறது. பேரன் இளங்கோ, அதாவது இளவரசன், ஆனபோது சமண முனிவருக்குச் செய்துகொடுத்த கல் இருக்கை. ஏறத்தாழ 1,800 வருஷப் பழசு.

கரூரில் இறங்கி சேரன் அரண்மனை எங்கே என்று கேட்டால் கைகாட்ட யாரும் இல்லை. ஜவுளிக் கம்பெனியும் பஸ் பாடி கட்டும் பட்டறையும்தான் கண்ணில் படும். சேரர் தலைநகர் வஞ்சி இதுவா, கேரளத்துக் கொடுங்கல்லூரா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓயவில்லை. ஆன்பொருநை என்று சங்கப் புலவர்கள் பாடிய அமராவதியின் மணலில் ரோமானியக் காசும், மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பேர் பொறித்த சேரர் காசும் கிடைத்திருக்கின்றன. எனக்கு அதுவே போதும்.

கோயில் வீதியில் நுழைந்ததுமே ஒருத்தர், "கூட்டம் ஜாஸ்திங்க, ஐந்நூறு குடுங்க, நேரா சாமிகிட்ட நிறுத்தறேன்" என்று விடாமல் பின்னாலேயே வந்தார். சாமியைப் பார்க்க வந்த இடத்திலும் இந்தப் பிழைப்பு! உள்ளே பிரதோஷக் கூட்டம். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் முண்டியடித்ததில் அம்மாயியின் பூக்கூடை சரிந்தது. தோட்டத்தில் விடியற்காலை பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்த நந்தியாவட்டை. பாதி தரையில்.

எனக்கு வந்த கோபத்துக்கு, அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான எறிபத்தரின் மழுதான் ஞாபகம் வந்தது. அவர் ஊராயிற்றே. சிவனுக்குப் பூக் கொண்டுபோன சிவகாமியாண்டார் என்ற அடியாரின் பூக்கூடையைப் பறித்துச் சிந்திய பட்டத்து யானையையே வெட்டிச் சாய்த்தவர். அதைவிட, ஓடி வந்த யானையின் சொந்தக்காரர், மன்னர் புகழ்ச்சோழர், "என்னையும் வெட்டும்" என்று தன் வாளை நீட்டினாரே, அங்கேதான் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும்.

"உடு கண்ணு, கூடைல இருக்கறது போதும்" என்றார் அம்மாயி.

நகர்ந்து நகர்ந்து சன்னதி. தீபாராதனை வெளிச்சத்தில், லேசாகச் சாய்ந்த அந்தத் திருமேனி, நாம் சொல்வதைக் கேட்கத் தலை சாய்த்த மாதிரியே இருந்தது. குருக்கள் கூடையை வாங்கி, ஒரு பூ விடாமல் லிங்கத்தின் பாணத்தின் மேல் சொரிந்தார். மாமா சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றியிருந்தார். நெஞ்சின் நடுவே அந்தத் தழும்பு. அம்மாயி சாமியைப் பார்க்கிறார், தழும்பைப் பார்க்கிறார், மறுபடி சாமி. கேட்க நினைத்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. ஐயா, ஆனிலையப்பா, எங்கள் மாமாவைத் திருப்பிக் கொடுத்தாயே!

அலங்காரவல்லி, சௌந்தரநாயகி என்ற இரண்டு அம்மன் சன்னதி, சித்தர் கருவூர்த்தேவர் சன்னதியெல்லாம் கண்ணீரோடுதான் சுற்றினேன். புகழ்ச்சோழர் மண்டபத்தை நின்று பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் அம்மாயி, "தான்தோன்றிமலைப் பெருமாளையும் எட்டிப் பாத்துட்டுப் போயிரலாமா?" என்றார். முட்டி வலி எங்கே போனதோ! மாமா ஏற்கனவே சாவியைக் கையில் எடுத்திருந்தார்.