தூங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு எடுத்த இ.இ.ஜி.

மறதிநோய் சந்தேகத்துக்காக வீட்டுப் பெரியவருக்கு இ.இ.ஜி. (தலையில் எலெக்ட்ரோடு கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) எடுக்கச் சொல்லியிருக்கிறார்களா? முன்பதிவு செய்யும் இடத்தில் நீட்டுகிற தாளை அப்படியே நம்பிவிடாதீர்கள். எங்களுக்குக் கொடுத்தது வலிப்புநோய்க்காரர்களுக்காக அச்சடித்த தாள். "முந்தின இரவு தூங்காமல் வரவும்" என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வலிப்பைத் தேடும்போது அது சரிதான். தூக்கம் கெட்டால் பதுங்கியிருக்கும் வலிப்பு அலைகள் தலைகாட்டும். மறதிநோய்க்குப் பார்க்க வேண்டியது நன்றாக விழித்திருக்கும் மூளையை. "அப்பாவுக்கு வலிப்பு இல்லையே, இது அவருக்கும் பொருந்துமா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதே தாள்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

எழுபத்தெட்டு வயது மனிதரை இரவெல்லாம் விழிக்க வைத்தோம். காலையில் அவர் நாற்காலியிலேயே சரிந்துகொண்டிருந்தார். உள்ளே மங்கலான வெளிச்சம், சாய்ந்து படுக்க மெத்தென்ற கட்டில். எலெக்ட்ரோடு ஒட்ட இடைஞ்சல் என்று காதுக்கருவியைக் கழற்றி என் கையில் கொடுத்து, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அது இல்லாமல் அப்பாவுக்கு எதுவும் கேட்காது என்று சொல்லித்தான் பார்த்தேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி "கண்ணைத் திறங்க, மூடுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாவோ வாய் லேசாகப் பிளந்து, தாடை தொங்கி, ஆழ்ந்த தூக்கத்தில்.

ரிப்போர்ட்டில் இரண்டே வரி: மூளை முழுவதும் பரவலாக மெதுவான அலைகள், மறதிநோயாக இருக்கலாம். அவர் தூங்கினார் என்று ஓர் எழுத்து இல்லை. அதைப் படித்துவிட்டு அம்மா அழுததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

நல்லவேளையாக எங்கள் நரம்பியல் மருத்துவர் ரிப்போர்ட்டோடு நிற்காமல், குறுந்தகட்டில் இருந்த இ.இ.ஜி. பதிவையே திறந்து பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்த நேரத்தில் இவர் முழித்திருந்தாரா?" என்றார். கதிர் மாதிரி நடுவில் பருத்து இருபுறமும் சிறுத்த அலைக்கொத்து ஒன்றைக் காட்டினார். தூக்கத்தில் மட்டும் வருவதாம் அது. விழித்திருக்கும் பெரியவர் கண்ணை மூடியதும் தலையின் பின்பக்கத்தில் விநாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்ஃபா அலை தெரிய வேண்டும். அல்சைமர் போன்ற நோய்களில் அது மெதுவாகி, 4 முதல் 8 வரையிலான தீட்டா அலைகள் கூடும். ஆனால் கண் அசந்தாலும் ஆல்ஃபா கலைந்து தீட்டா வந்துவிடும். ஆக, தூங்கியவரின் பதிவை வைத்து எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது.

மறுபடி எடுக்கப் போனால், "ரிப்போர்ட் கொடுத்தாச்சே" என்று மறுத்தார்கள். இந்த இடத்தில் வாக்குவாதம் செய்து பயனில்லை. மருத்துவரிடமே திரும்பப் போய்ச் சீட்டில் எழுதி வாங்கினேன்: "விழித்த நிலையில் பதிவு தேவை. கண் திறந்தும் மூடியும் எடுக்கவும். தூக்கக் கலக்கம் வந்தால் நேரத்துடன் குறிக்கவும்." அந்தச் சீட்டை நீட்டியதும் பேச்சே மாறியது. முதல் தடவையே இப்படி எழுதி வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். சில தூக்க மாத்திரைகள் வேகமான பீட்டா அலைகளைக் கூட்டிவிடும். படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தலைக்கு எண்ணெய் வேண்டாம், அவ்வளவுதான்.

இந்த முறை வேறொரு டெக்னீஷியன். காதுக்கருவி விஷயத்தைச் சொன்னதும் என்னை உள்ளேயே உட்காரச் சொன்னார். அப்பாவின் கையில் ஒரு தட்டு தட்டினால் கண்ணை மூட வேண்டும், இரண்டு தட்டினால் திறக்க வேண்டும் என்று, கருவியைக் கழற்றுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிப் பழக்கினோம். அப்பா ஒரு தடவைகூடத் தப்பவில்லை. கண் சொருகும்போதெல்லாம் டெக்னீஷியன் அவர் தோளைத் தொட்டு எழுப்பி, பதிவிலும் குறித்துக்கொண்டார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது வந்த முடிவு நம்பக்கூடியது. பின்பக்க அலை 8-ஐத் தொடவில்லை. 7-ஐ ஒட்டி, அதுவும் நிலையாக இல்லாமல் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. மருத்துவர் உடனே இரவுகளைப் பற்றிக் கேட்டார். தூக்கத்தில் கை காலை உதறுவாரா? இல்லாத ஆட்களைப் பார்ப்பதாகச் சொல்வாரா? ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பாரா? மூன்றுக்கும் ஆமாம். கூடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாக அப்பா சொல்வதை நாங்கள் வயசுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தோம். லூயி பாடி வகை மறதிநோயாக (மூளைச் செல்களில் லூயி பாடி என்ற புரதத் திரள்கள் சேர்வதால் வருவது) இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். 2017-இல் திருத்தி வெளியிட்ட அந்த நோயின் கண்டறிதல் விதிகளில், இப்படி ஏறி இறங்கும் மெதுவான பின்பக்க அலையும் துணைச் சான்றுகளில் ஒன்றாக இருக்கிறதாம். இ.இ.ஜி.யை மட்டும் வைத்து அவர் முடிவு செய்யவில்லை. எம்.ஆர்.ஐ., பி12, தைராய்டு, நினைவாற்றல் சோதனை எல்லாம் முன்பே முடிந்திருந்தன. இ.இ.ஜி. சரியாக இருந்தாலும் மறதிநோய் இல்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. சில வகைகளில் ஆரம்பத்தில் அது பெரிதாக மாறாது.

எந்த வகை என்று தெரிந்தால் என்ன லாபம் என்று உறவினர் ஒருவர் கேட்டார். நிறைய இருக்கிறது. லூயி பாடி நோயாளிக்கு, இல்லாததைப் பார்க்கிறார், கத்துகிறார் என்று ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடல் விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவசரப் பிரிவில் ஓர் இரவு அப்பாவைச் சேர்க்க நேர்ந்தால் அங்கே இருக்கும் மருத்துவருக்கு இது எப்படித் தெரியும்? அதனால் அப்பாவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே நோயின் பெயரையும், கொடுக்கக் கூடாத மருந்துகளையும் மருத்துவர் கையெழுத்தோடு எழுதி வாங்கி ஒட்டிவிட்டேன். அதன் நகல் ஒன்று அம்மாவின் பையில் இருக்கிறது, இன்னொன்று என் ஃபோனில்.