டம்ளரைத் தட்டிப் பார்த்த பாட்டி

ஒரு பாட்டியோடு உட்கார்ந்து டீ குடிக்க, என் மீது போலீஸ் கேஸ் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் நற்சான்று தர வேண்டும், பயிற்சி வேறு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு வந்து, வேலை பழகி, எந்த வாரம் எந்தக் கலர் குப்பைத்தொட்டியை வாசலில் வைப்பது என்பதும் பிடிபட்டு, இனி இதுதான் ஊர் என்று நினைக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. தனியாக இருக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர ஆள் தேவை என்று நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். படிவத்தில் ‘முதியவர்களோடு பழகிய முன் அனுபவம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. பாளையங்கோட்டைக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆச்சி கையால் சோறு தின்று, தெருவில் இருந்த அத்தனை திண்ணைக்கும் வெற்றிலை வாங்கிக் கொடுத்து வளர்ந்தவன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முறுக்கிக்கொண்டுதான் பயிற்சிக்குப் போனேன். நடத்திய அம்மையார் காரணம் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் ஹைட் என்ற ஊரில் ஹெரால்டு ஷிப்மேன் என்று ஒரு டாக்டர். வீடு தேடி வந்து பார்க்கிற நல்ல மனுஷர் என்று ஊரே நம்பியது. 2000இல் 15 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பிறகு விசாரித்த குழு, செத்தவர்கள் சுமார் 250 பேர் இருக்கலாம் என்றது. பெரும்பாலும் வயதான பெண்கள். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

பணத்தைத் தொடக் கூடாது, மாத்திரை எடுத்துக் கொடுக்கக் கூடாது, பரிசுப் பொருள் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் போனால் மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். சாப்பிடாமல் எழுந்தால் ஆயுசுக்கும் பேசாமல் இருக்கிற சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. இங்கே கடிகாரத்தைப் பார்த்து எழப் பழகினேன்.

எனக்கு அமைந்த பாட்டிக்கு எண்பது தாண்டியிருந்தது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். நாக்கு எழவில்லை. முன்னால் இருக்கும்போது பெயரே சொல்லாமல் சமாளித்தேன். அம்மாவிடம் போனில் பேசும்போது அவர் ‘ஸ்பூன் பாட்டி’.

முதலில் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பையைத் தூக்கப் போனால் ‘என்னால் முடியும்’. பல்பு மாற்றட்டுமா என்றால் பக்கத்து வீட்டுப் பையன் வருவான் என்பார். பக்கத்து வீட்டில் பையனே கிடையாது. பனி கொட்டிய அன்றுதான் அனுமதி கிடைத்தது. ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. அதனால் தெருமுனையில் மஞ்சள் பெட்டியில் மாநகராட்சி உப்பு வைத்திருக்கும். அந்தப் பழுப்பு உப்பை வாளியில் அள்ளிவந்து, வாசல்படி தொடங்கி நடைபாதை வரை, அம்மா கோலப்பொடி போடுகிற மாதிரி தூவினேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், விட்டுப்போன இடத்தை விரலால் காட்டினார்.

இந்த ஊர் டீ எனக்கு ஒத்துவரவே இல்லை. அந்தக் குறையில்தான் ஒரு வியாழக்கிழமை ஃபிளாஸ்கில் ஃபில்டர் காபியும், கூடவே ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரும் எடுத்துப் போனேன். ஆச்சி பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டிய டம்ளர். காபியை ஊற்றும் முன்பே பாட்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். கட்டைவிரலை விளிம்பைச் சுற்றி உள்பக்கமாக ஓட்டினார். நகத்தால் ஒரு தட்டு. “உள்ளே பாலிஷ் போட்டவளுக்கு அன்றைக்கு ஏதோ அவசரம்” என்றார்.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்பூன், ஃபோர்க்குக்குப் பாலிஷ் போடும் பட்டறைக்குப் போனவராம். ‘பஃபர் கேர்ள்’ என்று இந்த ஊரில் சொல்வார்கள். தலையில் துணி, உடம்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதத்தைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு நிற்பார்களாம். சாயங்காலம் முகமெல்லாம் கரி. இதைச் சொன்னபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பல்பு மாற்ற விடாத மனுஷி, எனக்கு ஸ்பூனைச் சக்கரத்தில் எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று பாடம் எடுத்தார்.

துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க ஓர் உலோகம் தேடிய ஹாரி பிரேர்லி, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத இரும்பை, அதாவது நம் எவர்சில்வரை, 1913இல் வார்த்தது இந்த ஊரில்தான். நம் வீட்டுச் சீர்வரிசைக்கு மூலம் இங்கே, பஸ்ஸில் போகிற தூரத்தில்! எனக்கு அன்றைக்கெல்லாம் ஆச்சி ஞாபகம்தான். பழைய பட்டுச்சேலைக்குப் பாத்திரம் கொடுக்கிறவரை வாசலில் உட்கார வைத்து, ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு, “சத்தம் சரியில்லையே” என்று பேரத்தை இழுத்து, கடைசியில் ஒரு கரண்டியைச் சும்மா வாங்கிவிடுவாள். மூன்று மணி எப்போது தாண்டியது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பிரிட்டனில் 2018இல் தனிமைக்கென்று ஒரு மந்திரியையே போட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். “ஏல, மந்திரியா வந்து காப்பி போட்டுத் தரப் போறாரு?”

அவளுக்கு மந்திரி தேவையில்லை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். காலையில் கோலம் விழவில்லை என்றால் பால்காரர் மணியடித்து நிற்பார், கீரைக்காரம்மா அடுக்களை வரை வந்து எட்டிப் பார்ப்பார். யாருக்கும் பயிற்சி கிடையாது, போலீஸ் சோதனை கிடையாது. ஆபீஸில் இதையெல்லாம் பெருமையாக அளந்துவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது, அது எந்தக் காலத்துத் தெரு என்று. இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் பெங்களூரில், டல்லாஸில், ஷெஃபீல்டில். பால் பாக்கெட் கேட்டில் தொங்கும் பையில் விழுகிறது. கோலத்தை யார் பார்க்கிறார்கள்?

இதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, அவள் வேறு செய்தி வைத்திருந்தாள். டவுனில் பாத்திரக்கடைக்குப் போய் டம்ளரும் டவராவும் வாங்கி, ஸ்பூன் பாட்டியின் பெயரைத் தமிழிலேயே வெட்டிவிட்டாளாம். அடுத்த மாதம் வரும் சித்தப்பா மகன் கையில் வருகிறது. பரிசுப் பொருள் கூடாது என்றேன். “ஒரு டம்ளர் கொடுக்கதுக்கு என்னல சட்டம்?”

ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். விலை எவ்வளவு இருக்கும் என்றார், சொன்னேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பாட்டிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்து வாங்கச் சொல்லு என்கிறார்.